ஷாஃப்ட் பைக்கின் ஃபைனல் டிரைவுக்கு எந்த கியர் ஆயில்? தேர்விலிருந்து மாற்றி முடிப்பது வரை

செயினுக்கு எண்ணெய் விட வேண்டாம், இழுத்துக் கட்ட வேண்டாம், ஸ்பிராக்கெட் தேய்ந்துவிட்டதா என்று குனிந்து பார்க்க வேண்டாம். செயினுக்குப் பதில் சுழலும் தண்டு (ஷாஃப்ட்) பின்சக்கரத்தை ஓட்டும் ஷாஃப்ட் டிரைவ் பைக்கை வாங்குகிறவர்கள் சொல்லும் முதல் காரணம் இதுதான். 1923இல் வந்த பிஎம்டபிள்யூ ஆர்32 காலத்திலிருந்து இன்றைய ஹோண்டா கோல்ட்விங் வரை அந்த வசதி மாறவில்லை. ஆனால் அது முழுக்க நம்பியிருப்பது பின்சக்கரத்தின் நடுவே உள்ள ஃபைனல் டிரைவ் என்ற அலுமினியப் பெட்டிக்குள் கிடக்கும் சுமார் 200 மிலி ஆயிலை. அதாவது இரண்டு டீ கிளாஸ்.

இன்ஜினில் நாலு லிட்டர் ஆயில் ஓடுகிறது. அதைத் தள்ளப் பம்ப் உண்டு, வடிகட்ட ஃபில்டர் உண்டு. ஃபைனல் டிரைவில் அதெல்லாம் கிடையாது. கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரம் தன் அடிப்பகுதியை ஆயிலில் நனைத்துச் சுழன்று மேலே வாரி இறைக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. பல்லிலிருந்து உதிரும் இரும்புத் துகள், நுழைந்த ஈரம், வெந்துபோன ஆயில் எல்லாம் அடுத்த முறை வடிக்கும்வரை உள்ளேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் இங்கே எந்த பிராண்ட் என்பது கடைசிக் கேள்வி. எந்தத் தரம், எவ்வளவு தடிமன், எத்தனை மில்லி, எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பவையே முதல் நான்கு.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடந்து சுழல்கிறது. சக்கரம் அதற்குக் குறுக்காகச் சுழல வேண்டும். அந்தத் திருப்பத்தைச் செய்வது ஷாஃப்ட் முனையில் உள்ள சிறிய பல்சக்கரமான பினியனும் பெரிய கிரௌன் வீலும். லாரியின் பின் அச்சில் இருக்கும் அதே ஜோடியின் சின்ன வடிவம். ஆனால் இரு பக்கச் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும், லாரியில் உள்ள டிஃப்ரன்ஷியல் இங்கே இல்லை, ஒரே சக்கரம் என்பதால் அது தேவையும் இல்லை.

இந்த ஜோடியில் இரண்டு வகை உண்டு. பினியனின் அச்சும் கிரௌன் வீலின் அச்சும் ஒரே புள்ளியில் சந்தித்தால் அது ஸ்பைரல் பெவல். பினியன் சற்று மேலோ கீழோ தள்ளி இருந்து, அச்சுகள் சந்திக்காமல் விலகிப் போனால் அது ஹைபாய்டு. ஸ்பைரல் பெவலில் பல்மேல் பல் பெரும்பாலும் உருண்டு போகும். ஹைபாய்டில் உருள்வதோடு நீளவாக்கில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கல்தான் தொல்லை: இரண்டு பற்களுக்கு நடுவே இருக்கும் ஆயில் படலத்தைத் துடைத்து எடுத்துவிடும். படலம் போன இடத்தில் இரும்பும் இரும்பும் உரசி, கண்ணுக்குத் தெரியாத மேடுகள் ஒரு நொடி ஒட்டிப் பிய்யும். பல்லின் முகத்தில் கீறல் விழுவது இப்படித்தான்.

இதைத் தடுக்கத்தான் கியர் ஆயிலில் கந்தகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மங்கள் இருக்கின்றன. கியர் ஆயில் டப்பாவைத் திறந்ததும் அழுகிய முட்டை வாடை வருவது அந்தக் கந்தகத்தால். உரசும் இடம் சூடானதும் இவை இரும்போடு வினைபுரிந்து மெல்லிய தோல்போல ஒரு படலம் உண்டாக்கும். பிய்ந்தால் அந்தத் தோல் பிய்யும், பல் தப்பிக்கும். டப்பாவில் ‘இபி’ (எக்ஸ்ட்ரீம் பிரஷர், அதாவது மிகை அழுத்தம்) என்று போட்டிருப்பது இந்தக் குணத்தைத்தான். இன்ஜின் ஆயிலில் இந்த அளவுக்கு இந்தச் சேர்மங்கள் கிடையாது. எவ்வளவு விலையுயர்ந்த இன்ஜின் ஆயிலானாலும் ஃபைனல் டிரைவுக்கு ஆகாது என்பதற்குக் காரணம் இதுவே.

ஜிஎல்-4, ஜிஎல்-5: முதல் முடிவு

ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலிய அமைப்பின் வகைப்பாட்டில் நமக்கு வேண்டியது இரண்டு எண்கள்தான். ஜிஎல்-4 மிதமான வழுக்கலுக்கு. ஜிஎல்-5 அதிவேகத்திலும் அதிர்வுச் சுமையிலும் ஓடும் ஹைபாய்டு கியருக்கு. ஜிஎல்-4இல் இருப்பதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு இபி சேர்மம் இதில் இருக்கும்.

‘ஜிஎல்-5 ஊற்றினால் பித்தளை அரித்துப் போகும்’ என்ற பேச்சு பரவலாக உண்டு. அது உண்மையில்லாமல் இல்லை, ஆனால் இடம் வேறு. கார் கியர்பாக்ஸில் கியர் மாற்றும்போது வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் பித்தளை சின்க்ரோ வளையங்களுக்கு ஜிஎல்-5 ஒத்துவராது. பைக்கின் ஃபைனல் டிரைவில் சின்க்ரோவே கிடையாது. கார் கியர்பாக்ஸுக்குச் சொன்ன எச்சரிக்கையைப் பைக்கின் பின்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, ‘பாதுகாப்பாக இருக்கட்டும்’ என்று ஜிஎல்-4 ஊற்றுகிறார்கள். ஜிஎல்-5 கேட்கும் பெட்டியில் அப்படிச் செய்வது பாதுகாப்பு அல்ல, பல்லைப் பட்டினி போடுவது.

எதிர்த்திசையிலும் ஒரு கேள்வி வரும். யமஹா எஃப்ஜேஆர்1300இன் பழைய கையேடு எஸ்ஏஇ 80 (எஸ்ஏஇ எண் தடிமனைக் குறிப்பது), ஜிஎல்-4 ஹைபாய்டு கியர் ஆயில் என்றே சொல்கிறது. அதில் ஜிஎல்-5 ஊற்றலாமா? சின்க்ரோ இல்லாத பெட்டியில் ஜிஎல்-4இலிருந்து ஜிஎல்-5க்கு ஏறுவதால் நடைமுறையில் கேடு வருவதில்லை; கீழே இறங்குவதுதான் ஆபத்து. வாரன்டி இருக்கும்வரை மட்டும் கையேட்டின் எழுத்தை மீறாதீர்கள்.

இங்கே ஒரு நுணுக்கம். இன்ஜின் ஆயிலுக்கு ஏபிஐ உரிமம் கொடுத்து முத்திரை போட விடுகிறது. கியர் ஆயிலின் ஜிஎல் எண்ணுக்கு அப்படி ஓர் உரிம ஏற்பாடு இல்லை. டப்பாவில் உள்ள ‘ஜிஎல்-5’ தயாரித்தவர் தானே சொல்லிக்கொள்வது. பெயர் தெரியாத மலிவு டப்பாவை நம்பத் தயக்கமாக இருந்தால் ‘எஸ்ஏஇ ஜே2360’ ஒப்புதல் உண்டா என்று பாருங்கள். அமெரிக்க ராணுவத்தின் பழைய அளவுகோலிலிருந்து வந்தது அது. சோதனை முடிவுகளை வெளியார் பார்த்து ஒப்பிய பிறகே பட்டியலில் ஏறும். அந்த எண் இருக்கும் ஆயில் விலை குறைவாக இருந்தாலும் வாங்கலாம்.

தடிமன்: எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம்

இன்ஜினுக்கு 10டபிள்யூ-40 ஊற்றிப் பழகியவர் 75டபிள்யூ-90 என்று பார்த்ததும் அது தார் மாதிரி இருக்கும் என்று நினைப்பார். அப்படி இல்லை. கியர் ஆயிலுக்கும் இன்ஜின் ஆயிலுக்கும் எண் வரிசை வேறு வேறு. எஸ்ஏஇ 90 கியர் ஆயில் 100 டிகிரியில் 13.5 முதல் 18.5 சென்டிஸ்டோக் (ஆயிலின் தடிமனை அளக்கும் அலகு) வரை இருக்க வேண்டும். இன்ஜின் ஆயிலில் 40, 50 எண்கள் நிற்கும் இடமும் ஏறக்குறைய அதுவே. வேறுபாடு தடிமனில் இல்லை, உள்ளே கலந்த சேர்மத்தில் இருக்கிறது.

டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் குளிருக்கு. 75டபிள்யூ மைனஸ் 40 டிகிரியிலும், 80டபிள்யூ மைனஸ் 26இலும், 85டபிள்யூ மைனஸ் 12இலும் ஓடும் அளவு இளகி இருக்க வேண்டும் என்பது விதி. சென்னையிலும் மதுரையிலும் கொழும்பிலும் ஓட்டுகிறவருக்கு இந்த எண்ணால் ஆகப்போவது ஒன்றுமில்லை. லடாக் பயணத்தில் இரவு வெளியே நிற்கும் வண்டிக்கும், டொரன்டோவில் மார்ச் மாதமே வண்டியை எடுக்கிறவருக்கும் 75டபிள்யூ உண்மையிலேயே உதவும்.

வெயில் ஊர்க்காரர் கவனிக்க வேண்டியது பின்னால் உள்ள எண். பிஎம்டபிள்யூவின் பழைய காற்றுக் குளிர்ச்சி பாக்ஸர்களுக்கும் (இரு சிலிண்டரும் எதிரெதிராகக் கிடக்கும் இந்த வண்டிகளுக்கு ஏர்ஹெட் என்று பெயர்) கவாசாகியின் ஷாஃப்ட் வண்டிகளுக்கும் கையேடு ஒரே விதி சொல்கிறது: 5 டிகிரிக்கு மேல் எஸ்ஏஇ 90, அதற்குக் கீழே எஸ்ஏஇ 80. இந்த வண்டிகளுக்கு நம் ஊரில் தெர்மாமீட்டர் பார்க்காமலே 90 என்று முடிவு செய்யலாம்.

அப்படியானால் இன்னும் தடியாக 140? லாரிப் பட்டறைகளில் 90, 140 இரண்டும் சாதாரணமாகக் கிடைக்கும். ‘வெயிலுக்குத் தடியான ஆயில் நல்லது, சத்தமும் குறையும்’ என்று ஊற்றிவிடுவார்கள். 85டபிள்யூ-140 மினரல் ஆயில் 40 டிகிரியில் 350 சென்டிஸ்டோக்கையும் தாண்டும். அதே வெப்பத்தில் 80டபிள்யூ-90 சுமார் 140தான். 200 மிலி மட்டுமே உள்ள சிறிய பெட்டியில் அவ்வளவு தடியான ஆயிலைக் கடைவதே ஒரு வேலை. அந்த உழைப்பு வெப்பமாக மாறும், பேரிங்கின் இடுக்குகளுக்கு ஆயில் மெதுவாகவே போய்ச் சேரும். சத்தம் குறைவது உண்மைதான். ஆனால் தேய்ந்த பேரிங்கின் குரலை அமுக்கியிருக்கிறீர்கள், பேரிங்கைச் சரிசெய்யவில்லை. விற்கப்போகும் பழைய வண்டியின் கியர்பாக்ஸில் மரத்தூளைக் கொட்டுகிற தரகர் வேலைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

சிந்தெடிக்கா, மினரலா

75டபிள்யூ-90 என்றால் பெரும்பாலும் சிந்தெடிக், 80டபிள்யூ-90 என்றால் பெரும்பாலும் மினரல். 100 டிகிரியில் இரண்டும் 14, 15 சென்டிஸ்டோக்கில் ஏறக்குறைய ஒன்றாகவே நிற்கும். சூட்டில் சீக்கிரம் வேகாமல் இருப்பதும், குளிரில் இளகி இருப்பதும் சிந்தெடிக்கின் பலன். பின்னால் ஆள், இரு பக்கமும் பெட்டிகள், நெடுஞ்சாலையில் நாள் முழுக்க ஓட்டம் என்றால் சிந்தெடிக் வாங்குங்கள். 200 மிலிதான் வேண்டும் என்பதால் விலை வித்தியாசம் ஒரு மாற்றத்துக்குப் பெரிதாக வராது. பழைய ஏர்ஹெட் வைத்திருந்து ஆண்டுக்கு 3000 கி.மீ. மட்டும் ஓட்டுகிறவருக்கு நல்ல மினரல் 80டபிள்யூ-90 ஜிஎல்-5 தாராளம். ஆண்டுதோறும் மாற்றினால் போதும்.

மினரலிலிருந்து வழக்கமான சிந்தெடிக்குக்கு மாறும்போது கழுவ வேண்டியதில்லை, இரண்டும் கலக்கும். பாலிகிளைகால் வகை ஆயில் மட்டும் மற்றவற்றோடு சேராது. அது தொழிற்சாலை கியர்பாக்ஸ்களுக்கானது. எங்கிருந்தோ மிச்சமான டப்பா கைக்கு வந்தால் வாங்காதீர்கள்.

உங்கள் வண்டிக்கு என்ன

கீழே உள்ளவை அடிக்கடி கேட்கப்படும் வண்டிகளுக்கானவை. ஒரே மாடலுக்குள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதுண்டு என்பதால், வாங்கும்முன் உங்கள் வண்டியின் ஆண்டுக்கான கையேட்டோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

பிஎம்டபிள்யூ ஏர்ஹெட் பாக்ஸர்கள்: எஸ்ஏஇ 90 ஜிஎல்-5 ஹைபாய்டு, பலவற்றில் சுமார் 250 மிலி. பழைய வண்டிகளில் ஷாஃப்ட் ஓடும் குழாய்க்கும் தனியாக ஆயில் உண்டு. அதை மறந்துவிட்டு பின்பெட்டியை மட்டும் மாற்றுவது வழக்கமான பிழை.

பிஎம்டபிள்யூ கே75, கே100: அதே ஆயில், சுமார் 260 மிலி.

பிஎம்டபிள்யூ ஆர்1200ஜிஎஸ், 2004 முதல் 2012 வரை: 75டபிள்யூ-90 ஜிஎல்-5 சிந்தெடிக், மாற்றும்போது 180 மிலி.

தண்ணீர்க் குளிர்ச்சி வந்த 2013க்குப் பிந்தைய ஆர்1200ஜிஎஸ், ஆர்1250ஜிஎஸ்: 70டபிள்யூ-80 ஹைபாய்டு, 180 மிலி. இங்கே எண் இறங்கியிருப்பதைக் கவனியுங்கள். முந்தைய வண்டிக்கு வாங்கி வைத்த 75டபிள்யூ-90 மிச்சம் இருக்கிறதே என்று இதில் ஊற்றாதீர்கள்.

ஹோண்டா கோல்ட்விங் ஜிஎல்1800: எஸ்ஏஇ 80 ஹைபாய்டு, வடித்து நிரப்பினால் 120 மிலி அளவு.

யமஹா எஃப்ஜேஆர்1300: 200 மிலி. தரம் மேலே சொன்னபடி.

கவாசாகி ஜிடிஆர்1400: எஸ்ஏஇ 90 ஜிஎல்-5, 160 மிலி.

சுசுகி இன்ட்ரூடர், புலவார்ட் வரிசை: எஸ்ஏஇ 90 ஜிஎல்-5 ஹைபாய்டு, பெரும்பாலானவை 200 மிலியை ஒட்டி.

மோட்டோ குஸ்ஸியின் பழைய வண்டிகள் தனி ரகம். அவற்றின் கையேடு 250 மிலியில் 230 கியர் ஆயிலும் 20 மாலிப்டினம் சேர்மமும் கலக்கச் சொல்கிறது. குஸ்ஸிக்காரர்கள் செய்கிறார்கள் என்று மற்ற வண்டிக்காரர்களும் மாலிப்டினம் வாங்கி ஊற்றுவதைப் பார்க்கலாம். கையேடு கேட்டால் ஊற்றுங்கள், கேட்காவிட்டால் வேண்டாம். நல்ல ஜிஎல்-5இல் வேண்டியது ஏற்கெனவே அளந்து கலக்கப்பட்டிருக்கிறது.

டப்பாவில் ‘எல்எஸ்’ என்று இருந்தால் அது லிமிடெட் ஸ்லிப் டிஃப்ரன்ஷியல் உள்ள கார்களுக்கான உராய்வுச் சேர்மம் கலந்தது. பைக்கில் அந்த கிளட்ச் தட்டுகளே இல்லை. கூடுதல் காசு கொடுக்கக் காரணமில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஆர்1100, ஆர்1150 போன்ற பழைய பாக்ஸர்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், ஃபைனல் டிரைவ் மூன்றுக்கும் தனித்தனி ஆயில், தனித்தனி போல்ட். ஜப்பானிய வண்டிகளிலும் புதிய ஜிஎஸ்ஸிலும் கியர்பாக்ஸுக்கு இன்ஜின் ஆயிலே போகும், கியர் ஆயில் பின்பெட்டிக்கு மட்டும்தான். எந்த போல்ட் எதற்கு என்று உறுதி செய்யாமல் ஸ்பேனரைப் போடாதீர்கள்.

மாற்றும் முறை

தேவையானவை: ஆயில், இரண்டு புதிய வாஷர்கள், 60 மிலி சிரிஞ்ச் ஒன்று, ஓரடி பிளாஸ்டிக் குழாய், அளவுகோடு போட்ட குவளை, எவ்வளவு விசையில் இறுக்குகிறோம் என்று காட்டும் டார்க் ரென்ச், பழைய துணி, பிரேக் கிளீனர். மருந்துக் கடையில் கிடைக்கும் சிரிஞ்சே போதும். மூன்று முறை இழுத்தால் 180 மிலி, கணக்கும் சுலபம்.

1. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். சூடான ஆயில் முழுதாக வடியும், அடியில் படிந்த துகளும் கலங்கிக் கூடவே வரும். முதல் நாள் இரவிலிருந்து நின்ற வண்டியில் வடித்தால் துகளெல்லாம் உள்ளேயே தங்கிவிடும்.

2. சமதரையில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். சைடு ஸ்டாண்டில் சாய்ந்து நின்றால் மட்டம் தவறும். பின் பிரேக் டிஸ்கைத் துணியால் மூடிவிடுங்கள்.

3. முதலில் கழற்ற வேண்டியது மேலே உள்ள நிரப்பும் போல்ட், கீழே உள்ள வடிகால் போல்ட் அல்ல. இந்த ஒரு வரியை மறந்து மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம். கீழே வடித்துவிட்டு மேல் போல்ட் இறுகிக்கொண்டு வராவிட்டால் வண்டி ஓட முடியாத நிலையில் நிற்கும். முதல் தலைமுறை ஆர்1200ஜிஎஸ்ஸில் தனி நிரப்பும் போல்ட் இல்லாத வண்டிகளும் உண்டு. அவற்றில் வேக சென்சாரைக் கழற்றி அந்தத் துளை வழியாக ஊற்ற வேண்டும்.

4. போல்டைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்த பிறகே கழற்றுங்கள். ஃபில்டர் இல்லாத பெட்டி. விழுந்த மண் தானாக வெளியே வராது.

5. வடிகால் போல்டைக் கழற்றி அளவுக் குவளையில் பிடியுங்கள். பத்து நிமிடம் விடுங்கள். எத்தனை மில்லி வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

6. போல்டின் காந்தத்தைப் பாருங்கள், பிறகு துடையுங்கள். எப்படிப் பார்ப்பது என்று கீழே தனியாக இருக்கிறது.

7. புதிய வாஷர் போட்டு வடிகால் போல்டைக் கையால் சில சுற்று ஏற்றியபின் டார்க் ரென்ச்சால் முடியுங்கள். ஆர்1200ஜிஎஸ்ஸுக்கு 20 நியூட்டன் மீட்டர், எஃப்ஜேஆர்1300க்கு 23. நீண்ட ஸ்பேனரில் இது மிகச் சிறிய விசை. பெட்டி அலுமினியம், போல்ட் இரும்பு. வலுவைக் காட்டினால் போகிறது பெட்டியின் மரைதான்.

8. அளந்து ஊற்றுங்கள். இங்கே இரண்டு முறைகள் உண்டு. ஏர்ஹெட் பாக்ஸர்களிலும் பெரும்பாலான ஜப்பானிய வண்டிகளிலும் நிரப்பும் துளையின் கீழ் மரை விளிம்புவரை ஆயில் வர வேண்டும், அதுவே மட்டம். ஆர்1200ஜிஎஸ் போன்றவற்றில் மில்லிக் கணக்கு மட்டுமே, துளை விளிம்பைப் பார்க்கக் கூடாது. விளிம்புவரை நிரப்பினால் அளவு மீறிவிடும்.

9. நிரப்பும் போல்டுக்கும் புதிய வாஷர். பெட்டியை பிரேக் கிளீனரால் துடைத்துக் காயவிடுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டித் திரும்பி, போல்டைச் சுற்றி ஈரம் உண்டா என்று விரல் வைத்துப் பாருங்கள்.

கொஞ்சம் கூடினால் என்ன?

‘இன்னும் இருபது மில்லி இருந்தால் நல்லதுதானே’ என்ற தாராளம் இங்கே கெடுதல். பெட்டிக்குள் காற்றுக்கென்று விட்ட இடம் ஆயில் சூடாகி விரிவதற்கானது. அந்த இடத்தை அடைத்தால் கிரௌன் வீல் ஆயிலை நுரையாக அடிக்கும்; நுரை பல்லுக்கு நடுவே நிற்காது. உள்ளே அழுத்தம் ஏறி, மூச்சுத்துளை வழியாகவோ சக்கரப் பக்கத்து சீல் வழியாகவோ வெளியே தள்ளும். வெளியே வந்த ஆயில் போகுமிடம் பின் பிரேக்கும் டயரும். அப்படிச் சிலமுறை தள்ளப்பட்ட சீலின் உதடு பிறகு சரியான அளவிலும் ஒழுகத் தொடங்கும். குறைவாக ஊற்றினால் சூடு ஏறி மேல்பக்க பேரிங் காயும். இரண்டுமே வேண்டாம், சிரிஞ்ச் பிடியுங்கள்.

வடித்த ஆயிலில் படிக்க வேண்டியது

காந்தத்தில் சாம்பல் நிறப் பசை, விரலில் தேய்த்தால் மாவுபோல வழுக்கினால் அது சாதாரணத் தேய்மானம். புதிய வண்டியின் முதல் 1000 கி.மீ. மாற்றத்தில் இந்தப் பசை அதிகமாகவே இருக்கும். பற்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும் காலம் அது. அந்த முதல் மாற்றத்தைத் தவறவிடாதீர்கள். ஆர்1200ஜிஎஸ் வந்த புதிதில் ஃபைனல் டிரைவ் ஆயில் வாழ்நாளுக்கும் மாற்ற வேண்டியதில்லை என்றுதான் விற்கப்பட்டது. பிறகு பிஎம்டபிள்யூவே மாற்றும் அட்டவணையைக் கொண்டுவந்தது. ‘வாழ்நாள்’ என்ற சொல்லை எந்த ஆயிலோடு சேர்த்து எங்கே கண்டாலும் யாருடைய வாழ்நாள் என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நகத்தில் தட்டுப்படும் துண்டுகள் வேறு கதை. ஒரு பக்கம் பளபளவென்று லேசாக வளைந்த செதில் என்றால் பேரிங்கின் ஓடுபாதை உரிகிறது. கோணங்கள் கொண்ட கனமான சில்லு என்றால் பல் உடைந்திருக்கலாம். இரண்டிலும் புதிய ஆயில் ஊற்றி ஓட்டிப் பார்ப்பது தீர்வல்ல, பெட்டியைத் திறந்தாக வேண்டும்.

ஆயில் பால் ஊற்றிய காபிபோல வந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான பெட்டியை மழைவெள்ளத்தில் இறக்கினால் உள்ளே உள்ள காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கும். மூச்சுத்துளை வழியாகவும் சீல் வழியாகவும் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். சக்கரத்தின் நடுப்பகுதி முங்கும் அளவு தண்ணீரில் போனால் அட்டவணையைப் பார்க்காமல் அந்த வாரமே ஆயிலை வடித்துப் பாருங்கள். பாலாக வந்தால் மலிவான ஜிஎல்-5 ஊற்றி 50 கி.மீ. ஓட்டி, சூட்டோடு வடித்து, பிறகு நல்ல ஆயிலை நிரப்புங்கள்.

180 ஊற்றிய இடத்தில் 120தான் திரும்பி வந்தால், அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் விடக் கூடாது. சக்கரப் பக்கம் ஈரமாக இருந்தால் பெரிய சீல். வெளியே எங்கும் ஈரமில்லை என்றால் பினியன் சீல் வழியாக ஷாஃப்ட் குழாய்க்குள் போயிருக்கும். ரப்பர் உறையைத் தளர்த்தினால் உள்ளே ஆயில் தேங்கியிருப்பது தெரியும்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போதே ஒரு சோதனை செய்துவிடுங்கள். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து உட்புறமும் வெளிப்புறமும் ஆட்டுங்கள். ‘டக்’கென்று அசைவு தெரிந்தால் இன்னொருவரை விளக்கடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்டி அசையாமல் சக்கரம் மட்டும் அசைந்தால் கிரௌன் வீலின் பெரிய பேரிங் போய்க்கொண்டிருக்கிறது. பெட்டியும் சேர்ந்து, பின்சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்மிலிருந்து அசைந்தால் பெட்டியைத் தாங்கும் பிவட் பேரிங்தான் தளர்ந்திருக்கிறது. இது செலவு குறைந்த வேலை. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாத பட்டறையில் முழு ஃபைனல் டிரைவுக்கும் பில் போட்டுவிடுவார்கள்.

எத்தனை கிலோமீட்டருக்கு

முதல் மாற்றம் 1000 கி.மீ.யில். அதன்பின் 20,000 கி.மீ. அல்லது இரண்டு ஆண்டு, எது முதலில் வருகிறதோ அது. பாரம் ஏற்றி மலைப்பாதையில் ஓட்டுகிறவர் 10,000த்தில் மாற்றினால் ஆயில் வீண் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு லிட்டர் டப்பா ஐந்து முறைக்கு வரும். மூடியை இறுக மூடி வெயில் படாத இடத்தில் வைத்தால் மிச்சம் கெடாது, டப்பாவில் திறந்த தேதியை மட்டும் எழுதி வையுங்கள்.

ஆயில் போகாத ஓர் இடம்

எவ்வளவு நல்ல கியர் ஆயில் ஊற்றினாலும் பல வண்டிகளில் ஷாஃப்டும் பினியனும் ஒன்றுக்குள் ஒன்று செருகிப் பொருந்தும் நீளவாட்டுப் பற்களுக்கு (ஸ்ப்ளைன்) அது போய்ச் சேராது. அந்த இடம் சீலுக்கு வெளியே, உலர்ந்த பக்கத்தில் இருக்கிறது. அங்கே வேண்டியது மாலிப்டினம் அதிகம் கலந்த பேஸ்ட். ஹோண்டா இதற்கென்றே மோலி 60 என்ற பேஸ்டை விற்றது, பிறகு அதன் இடத்தில் எம்77 வந்தது. சாதாரண வீல் பேரிங் கிரீஸ் அங்கே நிற்காது, பிதுங்கி ஓடிவிடும். பின் டயர் மாற்ற ஹோண்டாவின் சக்கரத்தைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் பழைய பேஸ்டைத் துடைத்துப் புதியதைப் பற்களில் மட்டும் மெல்லியதாகத் தடவுங்கள். உலர்ந்து துருவேறிய ஸ்ப்ளைன் துடைத்த துணியில் செங்கல் பொடி நிறத்தில் ஒட்டும்; அந்த நிறத்தைக் கண்டால் பற்களின் முனை கத்திபோலக் கூராகியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். கூராகியிருந்தால் பேஸ்டால் இனி பயனில்லை, அந்தப் பாகத்துக்கே சொல்லிவைக்க வேண்டும்.